கை தானாப் போகல

அந்த ஒரு வார்த்தையை மட்டும் சொல்லாதீங்க தலைவரே. கை தானாப் போயிருச்சுன்னு. காலையிலேர்ந்து ஆளாளுக்கு அதையே பிடிச்சுக்கிட்டுத் தொங்குறீங்க. கம்பு சொல்லிக் கொடுக்குற மாஸ்டர் புலோங் சொல்றாரு, பக்கத்துக் கடைக் கோழிக்காரி சொல்றா, வெட்டு வாங்கினவனே சொல்றான். பழக்கம் அப்பிடி, பிலாங் என்ன பண்ணுவா பாவம், பின்னாடி ஆள் வந்ததும் கை தானாத் திரும்பிருச்சுன்னு. என் கை என்ன தெருவுல திரியிற வெறிநாயா, தானாப் போயிக் கடிச்சுட்டு வர்றதுக்கு?

உக்காந்துதான் இருக்கேன். கத்தவும் இல்ல. மீன் விக்கிறவ பேச்சே இப்பிடித்தான் இருக்கும், உங்க வீட்டம்மாவைக் கேளுங்க. வாராவாரம் சூரைத் தலைக்கு என்கிட்ட அவங்க பேரம் பேசுறதைக் கேட்டா, இது வெறும் முணுமுணுப்புன்னு சொல்லுவீங்க. அந்த ஃபேனைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்புங்க. தேங்க்ஸ்.

சரி, நீங்க சொன்னதை நானே ஒரு தடவை சொல்லிக் காட்டுறேன், தப்பா இருந்தா திருத்துங்க. வெட்டு வாங்கின கொரோய்கிட்ட நான் மன்னிப்புக் கேக்கணும். கை தானாப் போயிருச்சு தம்பி, மனசுல வச்சுக்காதேன்னு. அவன் பெரிய மனசு பண்ணிப் பரவால்லக்கான்னு சொல்லுவான். ஆஸ்பத்திரிச் செலவு என்னோடது. என் தங்கச்சி லுடிங் இன்னைக்கே துணிமணியை எடுத்துக்கிட்டு என் வீட்டுலேர்ந்து அவன் வீட்டுக்குப் போயிரணும், கட்டின பொண்டாட்டிதானே கட்டு மாத்தணும்னு. ஞாயித்துக்கிழமை திருவிழாவுல எங்க பயிற்சிக் கூட்டம் மேடையில கம்பு வீசும், நீங்க மாலை போடுவீங்க, எல்லாரும் பன்னி வறுவல் சாப்பிட்டு வீட்டுக்குப் போவோம். இதானே? செலவைக் கொடுத்துர்றேன், அதுல எனக்கு ஒரு தகராறும் இல்ல. மத்தது ஒண்ணும் நடக்காது.

ஏன்னா கேக்குறீங்க? சொல்றேன். அவசரப்படாதீங்க. நீங்க இந்த ஊர்லயே பொறந்தும் கம்பைத் தொடாத ஆளு. உங்களுக்குத் தெரிஞ்ச கத்தி, சேவல் கால்ல கட்டுற கத்தி. அதுவும் கொரோய் சேவல் மேலதான் உங்க பந்தயம்னு எனக்குத் தெரியும், இருக்கட்டும், அதை நான் இப்பப் பேச வரல.

பஞ்சர் கடைக்குப் பின்னாடி அந்த முற்றத்துல, நான் பாவாடையை இழுத்துச் சொருகிக்கிட்டு நின்ன காலத்துலேர்ந்து பழகுறேன். முதல்ல என்ன பண்ணுவாங்க தெரியுமா? மாஸ்டர் ரெண்டு கையிலயும் பிரம்பை எடுத்துத் தோள் உயரத்துக்கு நீட்டுவாரு. எதை விடுவாருன்னு தெரியாது. விட்டதும் தரையைத் தொடுறதுக்குள்ள பிடிச்சுரணும். பிடிக்கலையா, அதே பிரம்பு நம்ம முட்டியில வந்து பேசும். அப்புறம் எண் சொல்லி அடி. ஒண்ணுன்னா இடது நெத்திப்பொட்டு, ரெண்டுன்னா வலது நெத்திப்பொட்டு, அஞ்சுன்னா வயித்துல குத்து. இப்பிடியே. அவரு சொல்லச் சொல்லத் தடுக்கணும். கொஞ்ச நாள் கழிச்சு எண் சொல்றதை நிறுத்திருவாரு. அப்ப தோளைத்தான் பாக்கணும். கம்பைப் பாத்துக்கிட்டு இருந்தா மண்டை வீங்கிரும், கம்பு கடைசியிலதான் வரும், தோள் முன்னாடியே சொல்லிரும்.

இதெல்லாம் எல்லாரும் பண்றதுதான். வெளியூர்லேர்ந்து வர்றவன்லாம் இதைப் பாத்துத்தான் வாயைப் பொளக்குறான். என்னா வேகம், என்னா வேகம்னு. வேகம் எலிக்கும் இருக்கு தலைவரே. அதுக்கு அப்புறம்தான் உண்மையான பாடம். மாஸ்டர் அடிக்க வருவாரு, பாதியில நின்னுருவாரு. வர்ற மாதிரி வந்து வராது. நம்ம அவசரக்குடுக்கையா அந்தப் பக்கம் தடுக்கப் போனோம்னா, இந்தப் பக்கம் விலா மொத்தமும் தொறந்து கிடக்கும். டமால்னு விழும். அழுதுருக்கேன், ஆமா. அந்த அடி வாங்கித்தான் கத்துக்கிட்டேன். கை துடிக்கும், விடக் கூடாது. கண்ணு பாக்கணும், மனசு சரின்னு சொல்லணும், அப்புறம்தான் கை போகணும். அந்த மூணும் ரொம்பச் சின்ன நேரத்துக்குள்ள நடக்கும். நடக்குதுங்கிறதுதான் விசயம்.

சனிக்கிழமையானா மாம்பழம். நல்லாப் பழுத்து, தொட்டா பள்ளம் விழுற மாதிரி ஒரு பழத்தை மேசையில வைப்பாங்க. நீளக் கத்தியை எடுத்து முழு வீச்சுல வீசணும், வீசி, தோலைத் தொட்டதும் நிறுத்தணும். சாறு எட்டிப் பாத்துச்சுன்னா அன்னைக்கு எல்லாருக்கும் மாம்பழம் வீசினவங்க செலவு. கொரோய் கத்தி வீசி வீசி, அவன் வாங்கிக் கொடுத்த பழத்துல பாதித் தெரு வளந்துருக்கு. நான் வாங்கிக் கொடுத்து நீங்க ஒரு பழம் சாப்பிட்டிருக்கீங்களா? யோசிச்சுச் சொல்லுங்க.

சாப்பிட்டதில்ல. அப்பேர்ப்பட்ட கையைப் பாத்துத் தானாப் போயிருச்சுன்னு சொன்னா எனக்கு எரியுமா எரியாதா?

இப்ப சந்தையில என்ன நடக்குது தெரியுமா? ஐஸ் தள்ளிக்கிட்டு வர்றவன் என் கடைக்குப் பத்தடி தள்ளியே நின்னுக்கிட்டு, பிலாங்கக்கா, நான்தான், பின்னாடி வர்றேன், ஐஸ் கொண்டு வர்றேன், வெட்டிராதேன்னு கூவுறான். மீன் வாங்குறவங்க காசை நீட்டிக் கொடுக்குறாங்க, காண்டாமிருகத்துக்குப் பழம் கொடுக்குற மாதிரி. கோழிக்காரி கிண்டல் பண்றா, உன் புருசன் கப்பல்லேர்ந்து லீவுல வந்தா மணி கட்டிக்கிட்டுத்தான் வீட்டுக்குள்ள வரணும்னு. சிரிக்காதீங்க. சரி, சிரிச்சுக்கோங்க, நானும் சிரிச்சேன்.

அந்தத் திடீர் வழக்கத்துக்கு வர்றேன். அது இல்லாம இந்த விவகாரமே இல்லல்ல? எங்க கூட்டத்துல சேர்றப்ப குழந்தை ஏசு சிலை மேல கை வச்சு ஒத்துக்கணும். கூட்டத்து ஆளு யாரு வேணாலும், எப்ப வேணாலும், எங்க வேணாலும் பின்னாடியிருந்து வந்து அடிக்கலாம், அதுக்குத்தான் திடீர்னு பேரு. கையில கிடைச்சதால. சுருட்டின பேப்பரு, ரப்பர் செருப்பு, துடைப்பக்கட்டை. பயிற்சி முற்றத்தோட முடியக் கூடாது, கண்ணும் காதும் எந்நேரமும் முழிச்சிருக்கணும்னு அந்தக் காலத்துலயே வச்சது. அடி வாங்கினவங்க கள்ளு வாங்கிக் கொடுக்கணும். தடுத்துட்டா வந்தவன் வாங்கிக் கொடுக்கணும். அடி வாங்கினவ மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கக் கூடாது. அதே மாதிரி, வந்தவனுக்கு என்ன ஆனாலும் அவன் வாயைத் தொறக்கக் கூடாது. அவனாத்தானே வந்தான்.

நல்ல வழக்கம்தான், நான் குறை சொல்லல. என் கல்யாணத்தன்னைக்கே மாஸ்டர் வீட்டம்மா அகப்பையைத் தூக்கிக்கிட்டுப் பின்னாடி வந்தாங்க. முக்காட்டுத் துணியோட திரும்பித் தடுத்தேன் பாருங்க, என் வீட்டுக்காரரு பயந்து போயி மேசைக்கு அடியில நுழைஞ்சுட்டாரு. மாமியார் மூணு நாள் என்கிட்ட பேசல. அப்பிடியெல்லாம் சிரிச்சுக்கிட்டு இருந்த வழக்கம். ஆனா பாருங்க, ஒரே வீட்டுக்குள்ள புருசனும் பொண்டாட்டியும் கூட்டத்து ஆளா இருந்தா என்ன ஆகும்னு அதை வச்சவங்க யாரும் யோசிக்கல.

லுடிங்குக்குக் கம்பே வராது. அவ கம்பு பழக வரல, கொரோயைப் பாக்க வந்தா. ஒரு மழைக்காலம் பூரா வந்து நின்னா, சிலை மேல கை வச்சா, அவனையே கட்டிக்கிட்டா. அதோட கம்பை விறகோட விறகாப் போட்டுட்டா. ஆனா அவன் விடலையே. ஒரு தடவை சத்தியம் பண்ணா சாகுற வரைக்கும் கூட்டத்து ஆளுதான்னான். சோத்துல உப்பு இல்லையா, திடீர். சேவல் தோத்துட்டு வந்தானா, திடீர். அவ குனிஞ்சு துணி அலசிக்கிட்டு இருக்கிறப்ப பிடரியில. பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கிட்டு இருக்கிறப்ப தோள்ல. அடிச்சுட்டு, விதி விதிதான், தடுக்கலையில்ல, போயிக் கள்ளு வாங்கிட்டு வாம்பான். இவ வீங்கின கையோட கள்ளுக் குடுவையைத் தூக்கிக்கிட்டுத் தெருவுல நடந்து வருவா. பாத்தவங்கல்லாம் என்ன லுடிங், இன்னைக்கும் மாட்டிக்கிட்டியான்னு சிரிப்பாங்க. அவளும் சிரிப்பா. வேற என்ன பண்ணுவா.

மாஸ்டர்கிட்ட நான் போயிச் சொன்னேன். அவரு என்ன சொன்னாரு தெரியுமா? பயிற்சி பத்தலம்மா, அவளைக் காலையில சீக்கிரம் வரச் சொல்லு, ரெண்டு மாசத்துல தடுத்துருவான்னாரு. எனக்கு அன்னைக்கு அவரு மேல இருந்த மரியாதையில பாதி போச்சு.

மீதிப் பாதியைப் பத்திக் கேக்காதீங்க.

உங்ககிட்டயும் வந்தா. மறந்துட்டீங்களா? தாடை இந்தப் பக்கம் வீங்கி, ஒரு கண்ணு மூடிக் கிடந்துச்சு. இதே நாற்காலியில உக்காந்தா. நீங்க என்ன சொன்னீங்க? கூட்டத்துப் பயிற்சியில ஊர் மன்றம் தலையிடாதும்மா, நீதானே சிலை மேல கை வச்சேன்னு சொன்னீங்க. ஒரு டம்ளர் தண்ணி கொடுத்து அனுப்பிட்டீங்க. தண்ணி கொடுத்ததை நான் இல்லைன்னு சொல்லல. ஆனா அன்னைக்குப் பயிற்சியா இருந்தது, இன்னைக்கு அவன் கையில ரத்தம் வந்ததும் எப்பிடி வழக்கா மாறுச்சு? என் தங்கச்சி மூஞ்சியில வந்தது ரத்தம் இல்லாம வேற என்ன?

தலையைக் குனியாதீங்க. நான் உங்களைக் குத்திக்காட்ட வரல. குத்திக்காட்டவும்தான் வந்தேன், பொய் எதுக்கு.

வீடியோ பாத்துட்டீங்கதானே? நாடே பாத்தாச்சு. கோழிக்காரி எடுத்தது. என் கடை முன்னாடி ஒரு பொம்பளை வஞ்சிரத்துக்கு அடிமாட்டு விலை கேட்டுச் சண்டை போட்டா, அந்தச் சண்டையை எடுக்கப் போயி இது மாட்டிக்கிச்சு. மாஸ்டர் அதை மெதுவா ஓட விட்டு ஓட விட்டு எல்லாருக்கும் காட்டுறாரு. கண்ணிமைக்கிற நேரத்துல பாதின்னு பெரிய எழுத்துல தட்டி வேற எழுதி வச்சுட்டாரு, பஞ்சர் கடை வாசல்ல. மணிலாவிலேர்ந்து பசங்க வந்து பேரு கொடுக்குறாங்க. நேத்து ஒரு வெள்ளைக்காரன் வந்து என் கையைப் பிடிச்சுத் திருப்பித் திருப்பிப் பாக்குறான், மாடு வாங்க வந்தவன் மாதிரி. மாஸ்டருக்குக் கை தானாப் போனாத்தான் வியாபாரம்.

கொரோய்க்கு ஏன் அந்த வார்த்தை பிடிச்சுருக்குன்னு உங்களுக்குத் தெரியலையா? கை தானாப் போச்சுன்னா அவனுக்கு அசிங்கம் இல்ல பாருங்க. நம்ம கூட்டத்துப் பயிற்சி அப்பிடி, பிலாங்கக்காவுக்கே தெரியாம நடந்துருச்சுன்னு, ஆஸ்பத்திரிக் கட்டில்ல உக்காந்துக்கிட்டுப் பெருமையாச் சொல்லிக்கிட்டு இருந்தான். ஒரு பொம்பளை அவனைப் பாத்து, இவனைத்தான்னு முடிவு பண்ணி வெட்டினான்னு சொன்னா, சேவல் சண்டைக் களத்துல தலை காட்ட முடியுமா அவனால?

ஆமா, சொன்னாங்க. நானும் கேள்விப்பட்டேன். கொஞ்ச நாளா பிலாங் மந்தமாயிட்டா, அடி வாங்க ஆரம்பிச்சுட்டா, அதனாலதான் பயத்துல கை அப்பிடிப் போயிருச்சுன்னு. அடி வாங்கினது நெசம்தான். கோயில் படிக்கட்டுல கொரோய் முதுகுல ஒண்ணு போட்டான். குழாயடியில தோள்பட்டையில ஒண்ணு, ரெண்டு நாள் கையைத் தூக்க முடியல. ரெண்டு தடவையும் கள்ளு வாங்கிக் கொடுத்தேன். குடிச்சுட்டுச் சொன்னான், வயசாயிருச்சுக்கா, கண்ணாடி போடுங்கன்னு. அதுக்கு அப்புறம் அவனுக்கு என்னை அடிக்கிறது ருசியாப் போச்சு. லுடிங்கை விட்டுட்டு என் பின்னாடி சுத்த ஆரம்பிச்சான். அவ அந்த ஒரு மாசம்தான் நிம்மதியாத் தூங்கினா.

என்ன தலைவரே, அப்பிடிப் பாக்குறீங்க?

அவன் தலையில தடவுற எண்ணெய் வாசனை அவனுக்கு முன்னாடியே ஏழு வீடு தாண்டி வரும். மூக்கடைச்சவளுக்குக் கூடத் தெரியும். படிக்கட்டுலயும் தெரிஞ்சுது, குழாயடியிலயும் தெரிஞ்சுது. முதுகைக் காட்டிக்கிட்டு நின்னேன். அவ்வளவு வருசம் பழகின உடம்பு, திரும்புடி திரும்புடின்னு துடிச்சுச்சு. பல்லைக் கடிச்சுக்கிட்டு நின்னு வாங்கிக்கிட்டேன். என் பயிற்சியிலயே கஷ்டமான பயிற்சி அதுதான்.

எதுக்குன்னா, அவன் என் கடைக்கு வரணும். கோயில்லயோ குழாயடியிலயோ என் கையில கத்தி இருந்தா, கத்தி எதுக்குடின்னு கேப்பீங்க. மீன் கடையில யாரு கேக்கப் போறீங்க?

வந்தான். பேரம் பேசிக்கிட்டு இருந்த பொம்பளை கண்ணு என் தோளுக்கு மேல போச்சு, சிரிப்பை அடக்கிக்கிட்டா. பிரம்போட வர்றான்னு தெரிஞ்சுபோச்சு. அப்ப என் கையில இருந்தது பெரிய கத்தி, வஞ்சிரம் துண்டு போடுறது. அதால போனா மணிக்கட்டே கழண்டு விழுந்துரும். பிள்ளைக்கு அப்பன் அவன், கை ஒட்டிக்கிட்டு இருக்கட்டும், கம்பைப் பிடிக்காம இருந்தாச் சரின்னு நினைச்சேன். நினைச்சேன் தலைவரே, அந்த நேரத்துக்குள்ள. பெரிய கத்தியை ஐஸ் மேல வச்சேன். குடல் எடுக்குற சின்னக் கத்தியை எடுத்தேன். திரும்பினேன். ஓங்கின கையில விரலை மடக்குற நரம்பு எங்க ஓடுதுன்னு பாத்தேன், அதை மட்டும் அறுத்தேன். பாம்புக்குப் பல்லைப் பிடுங்குறதுன்னு மாஸ்டர் அதுக்குப் பேரு வச்சுருக்காரு. எங்க பயிற்சிக்கு அடிப்படையே அதுதான், ஆளை விட்டுரு, ஆயுதம் பிடிச்ச கையை எடுன்னு.

வீடியோவுல இல்லையேன்னா? இருக்கு. நல்லாவே இருக்கு. எல்லாரும் நான் திரும்புறதையே மெதுவா ஓட விட்டுப் பாக்குறீங்க, அதுக்குக் கொஞ்சம் முன்னாடி ஓட்டிப் பாருங்க. கத்தியை மாத்துறேன். ஒருத்தர் கண்ணுலயும் படல.

மேல கோர்ட்டுக்கு அனுப்பணுமா, அனுப்புங்க. தெரிஞ்சுதான் சொல்றேன். ஜெயில்ல போட்டா போடட்டும், அங்கயும் யாராவது மீன் கழுவித்தானே ஆகணும். கடையை லுடிங் பாத்துக்குவா, செதில் சீவ அவளுக்கு நல்லா வரும். ஆனா கை தானாப் போச்சுங்கிற நினைப்போட அவன் இங்கேர்ந்து எந்திரிச்சுப் போகக் கூடாது. அவனுக்கு இன்னும் ஒரு கை மிச்சம் இருக்கு. தானாப் போற கைக்கு அவன் எதுக்குப் பயப்படணும்? என் பின்னாடி வராம இருந்தாப் போதும்னு நினைச்சுக்குவான், வீட்டுக்குப் போயி மறுபடி அவ பின்னாடி நிப்பான். நான் அவனைப் பாத்தேன், பாத்துத்தான் வெட்டினேன், அடுத்த தடவையும் பாப்பேன்னு அவன் காதுல விழணும்.

வெளியில பெஞ்சுலதானே உக்காந்திருக்கான்? அவனை உள்ள கூப்பிடுங்க. அவன் முன்னாடி இன்னொரு தடவை சொல்றேன்.